கனிக்கிளையில் ஒரு பட்சி: யதார்த்தச் சித்திரத்தில் கிளைக்குரிய இடம்

1. எடுத்துக்கொண்ட கேள்வி

பழம் பழுத்த கிளையொன்றில் பறவை அமர்ந்திருப்பதாக எழுதப்படும் சித்திரத்தைக் காணாத வீடு அநேகமாக இராது. அதை நோக்கும் கண் முதலில் பறவையின்மீது பதிந்து, அதன் வர்ணத்தையும் இறகின் நுட்பத்தையும் வியந்து, பின்னர் கிளையையும் கனியையும் வெறும் பின்னணியாகப் பாவித்து அப்பால் சென்றுவிடுகிறது. உள்ளது உள்ளபடி எழுதுதல் என்னும் யதார்த்த லட்சணம் பறவையின் சரீரத்தோடு முடிந்துவிடுகிறதா, அன்றி அது பற்றி நிற்கும் கிளைக்கும் அது தின்னும் கனிக்கும் அந்த லட்சணத்தில் சமபங்கு உண்டா என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட கேள்வியாகும்.

இதைப் புதுச்சேரியின் கிராமப்புறத்தில், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஏரிக்கரைகளில் நின்று கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. உலகத்துப் பறவை சாஸ்திரத்தில் புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய பறவைகள் இரண்டு: வரப்போரப் புதர்களில் குரலெழுப்பும் கவுதாரி ஒன்று, மரக்கிளைகளில் பூச்சி தேடித் திரியும் சிறிய காட்டுக்கீச்சான் மற்றொன்று. இரண்டின் லத்தீன் பெயரிலும் பாண்டிச்சேரி இருக்கிறது. பறவைக்கு ஊரின் பெயரைச் சூட்டிய அந்தச் சாஸ்திரம், ஊரின் மரத்தைப் பறவையோடு சேர்த்துப் பார்த்ததா என்று வினவும் உரிமை, அந்தப் பெயர் பிறந்த மண்ணுக்கு மற்றெந்த இடத்தையும்விட அதிகம்.

2. நிலவிவரும் அபிப்பிராயங்கள்

இவ்விஷயத்தில் மூன்று அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன.

முதலாவது, இயற்கை விஞ்ஞானிகளுடையது. இனத்தை அடையாளம் காண்பதற்கு அலகின் வடிவமும், சிறகின் பட்டைகளும், காலின் நிறமுமே வேண்டும். ஆகையால் கிளை என்பது பறவையை நிறுத்திவைக்க உதவும் ஆதாரம் மாத்திரமே என்பது இவர்கள் கொள்கை. இன்றைய கையேடுகளில் பறவைகள் வெள்ளைத்தாளில் வரிசையாக, கிளையே இல்லாமல் அச்சிடப்படுவது இக்கொள்கையின் முடிந்த முடிபு எனலாம்.

இரண்டாவது, கலை விமரிசகர்களுடையது. கிளையின் வளைவும் செங்கனியின் புள்ளிகளும் சித்திரத்தின் சமநிலைக்காக அமைந்தவை. அவற்றை அழகின் கணக்கில் எழுத வேண்டுமேயன்றி உண்மையின் கணக்கில் எழுதுவது பொருந்தாது என்பர் இவர்கள்.

மூன்றாவது, தமிழ் மரபுக்கே உரியது. சித்திரத்தைக் குறித்துச் சொல்லப்படாதது. எனினும் இக்கேள்விக்கு மிகவும் நெருங்கியது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என ஒரே நிரலில் வைக்கிறது. மரமும் பறவையும் உணவும் ஒரு நிலத்தின் கூட்டாளிகள். ஒன்றைச் சொன்னால் மற்றதும் உடன் தோன்ற வேண்டும் என்னும் எண்ணம் அந்த வைப்பில் உறைந்திருக்கிறது. முந்தைய இரு சாராரும் கிளையைப் பறவையினின்று பிரித்துவிட்டு வாதிடுகிறார்கள். இந்த மூன்றாவது பார்வையோ பிரித்தலையே ஒப்புவதில்லை. கிடைக்கும் சான்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று இனி நோக்குவோம்.

3. சொன்னெராவும் மரமிழந்த பறவையும்

லியோன் நகரத்தில் 1748இல் பிறந்த பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையாளர், 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் கீழ்த்திசை நாடுகளிலும் சஞ்சரித்துத் தாம் கண்டவற்றை 1782இல் இரண்டு பெரிய தொகுதிகளாகப் பாரிசில் வெளியிட்டார். நூற்றுநாற்பது படத்தாள்கள் கொண்ட அந்தக் கிரந்தத்தில் சோழமண்டலக் கரையின் மக்கள், தொழில்கள், தெய்வங்கள் ஆகியவற்றோடு பறவைகளும் இடம்பெற்றன. ஏழாண்டு கழித்து, 1789இல், லின்னேயஸின் ‘சிஸ்டமா நேச்சுரே’ என்னும் நூலின் 13ஆம் பதிப்பை விரித்தெழுதிய ஜெர்மானிய அறிஞர் க்மெலின், சொன்னெராவின் விவரணைகளை ஆதாரமாகக் கொண்டே கவுதாரிக்கும் காட்டுக்கீச்சானுக்கும் லத்தீன் நாமகரணம் செய்தார். பாண்டிச்சேரி என்னும் பெயர் சாஸ்திரத்தில் நிலைத்தது இவ்வழியாகத்தான்.

சொன்னெராவின் உழைப்பு பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் அக்காலத்து ஐரோப்பியப் பறவைப்படங்களின் பொது முறை யாது என்பதை மறத்தலாகாது. பறவை பக்கவாட்டில் நிற்கும். காலடியில் பெயரற்ற ஒரு மரக்கட்டையோ இலையற்ற ஒரு குச்சியோ இருக்கும். பாடம் செய்யப்பட்ட தோலிலிருந்து எழுதிய இறகுகள் ஒழுங்காகப் படிந்திருக்கும். பூபோன் பிரபுவின் பறவை நூலுக்காக மார்த்தினே எழுதிய படங்கள் இம்முறையின் பிரசித்தமான உதாரணம். பறவை கப்பலேறிப் பாரிசுக்குப் போயிற்று. மரம் கரையிலேயே நின்றுவிட்டது.

இம்முறையின் அபாயத்தைச் சொன்னெராவின் மற்றொரு நூலே மெய்ப்பிக்கிறது. நியூகினிப் பயணம் என்ற பெயரில் அவர் 1776இல் வெளியிட்ட நூலில், அத்தீவின் பறவைகளென்று தென்துருவத்துப் பென்குவின்களையும், ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியாகிய கூக்கபராவையும் சேர்த்துக்கொண்டார். கூக்கபராவின் உருவம் அடையாளம் காணப் போதுமான அளவுக்குச் சரியாக இருந்தது. இடம் முற்றிலும் பொய். அந்தப் படத்தை நம்பி 1783இல் ஹெர்மன் என்னும் அறிஞர் சூட்டிய லத்தீன் பெயரில், அப்பறவை வாழாத நியூகினித் தீவு இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வாழும் மரம் ஒன்று, இலை தெரிய எழுதப்பட்டு உடன் இருந்திருக்குமாயின், அம்மரம் எந்நாட்டினது என்று வினவத் தெரிந்த ஒருவர் பின்னாளிலேனும் கேள்வி எழுப்பியிருக்கக்கூடும். பெயரற்ற கட்டையோ எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஆதலால் எந்தப் பொய்யையும் அது தடுப்பதில்லை.

4. இலந்தைக் கிளையில் ஒரு மைனா

சொன்னெராவின் விவரணையிலிருந்து க்மெலின் பெயரிட்ட பறவைகளில் கருங்கொண்டை மைனாவும் ஒன்று. கரிய கொண்டை பின்புறமாகச் சாய்ந்து விழ, முதுகு சாம்பல் நிறமாகவும் மார்பு இளஞ்சிவப்புக் கலந்த சந்தன நிறமாகவும் விளங்க, மஞ்சள் அலகின் அடியில் நீலச்சாயல் தோன்ற நிற்கும் இப்பறவை, கோயிற் சுற்றுப்புறங்களை விரும்புவது. அதன் லத்தீன் பெயரும் கோயில்களை முன்னிட்டே இடப்பட்டதென்று கருதப்படுகிறது. வில்லியனூர்த் திருக்காமேசுவரர் ஆலயம், பாகூர் மூலநாதர் ஆலயம் போன்ற பழங்கோயில்களை உடைய இப்பகுதிக்கு இது அந்நியமான பறவையன்று. பூச்சியும் தின்னும், ஆலம்பழம், அரசம்பழம் முதலிய கனிகளையும் தின்னும், நுனியில் தூரிகை போலமைந்த நாவினால் பூந்தேனையும் உண்ணும்.

இதே பறவையை, சொன்னெராவின் நூல் வெளிவருவதற்கு ஐந்தாண்டு முன்பே, 1777இல், இந்தியக் கை ஒன்று சித்திரமாக எழுதியிருக்கிறது. கல்கத்தாவில் தலைமை நீதிபதியாயிருந்த சர் எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, தம் தோட்டத்தில் பலவகைப் பறவைகளையும் மிருகங்களையும் வளர்த்து, அவற்றைச் சித்திரிக்கப் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன், பவானிதாஸ், ராம்தாஸ் ஆகிய மூவரை நியமித்தார். முந்நூற்றுக்கு மேற்பட்ட அச்சித்திரங்களுள் பாதிக்கு மேல் பறவைகளே. ஜைனுத்தீன் எழுதிய கருங்கொண்டை மைனா இப்போது அமெரிக்காவில் மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் மைனா வெறுங்கட்டையில் நிற்கவில்லை. இலந்தை மரக்கிளையில் நிற்கிறது. அக்கிளையோடு டஸர் பட்டுப்பூச்சியின் வகையைச் சேர்ந்த இரண்டு அந்துப்பூச்சிகளும், ஒரு புழுவும், ஒரு கூடும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன.

இந்தச் சேர்க்கையை அலங்காரம் என்று தள்ளிவிட இயலுமா? டஸர் பட்டுப்புழு தின்னும் இலைகளுள் இலந்தையின் இலையும் ஒன்று. புழு, கூடு, சிறகு முளைத்த பூச்சி என்ற மூன்றும் ஒரே உயிரின் மூன்று பருவங்கள். அந்த உயிருக்கு உணவாவது அந்த மரம். பூச்சியும் கனியும் தின்பது அந்தப் பறவை. அழகு ஒன்றையே நாடியவராயின், ஓவியர் ரோஜாக்கொம்பில் மைனாவை அமர்த்தி அதன்மேல் வண்ணத்துப்பூச்சியைப் பறக்கவிட்டிருப்பார். அவர் தேர்ந்ததோ ஒன்றையொன்று சார்ந்து பிழைக்கும் உறவு. ஜஹாங்கீரின் அவையில் மன்சூர் போன்றோர் வளர்த்த முகலாயச் சித்திர மரபு, கண்ணெதிரே உள்ள உயிரை நெடுநேரம் நோக்கப் பழக்கியிருந்தது. அந்தப் பழக்கம் இங்கே ஆங்கிலேயக் காகிதத்தில், இந்திய மரத்தைப் பற்றிய அறிவோடு சேர்ந்து தொழிற்பட்டிருக்கிறது. பறவையைப் பற்றிய செய்தியில் ஒரு பகுதி பறவையின் உடலுக்கு வெளியே, கிளையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. ஒரு நகரத்தில் பிரிந்து நின்ற இரு கலைகள்

தமிழகத்துச் சான்றுகளும் கவனத்துக்குரியன. சென்னை உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவியாகிய எலிசபெத் குவில்லிம், 1801 முதல் தாம் காலமான 1807 வரை சென்னையில் வாழ்ந்து, உயிருள்ள பறவைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இயன்றவரை அவற்றின் மெய்யான அளவிலேயே நீர்வர்ணத்தில் எழுதினார். ஆடுபனின் புகழ்பெற்ற அமெரிக்கப் பறவைப் படங்கள் 1827இல் வெளிவரத் தொடங்குவதற்கு இருபதாண்டு முந்தியவை இவை. நூற்றிருபதுக்கு மேற்பட்ட அச்சித்திரங்களை 1924இல் லண்டனில் கண்டெடுத்தவர் கேசி வுட். இன்று அவை மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. குவில்லிம் தாவரசாஸ்திரத்தையும் முயன்று கற்றார். பாதிரியாரும் தாவர அறிஞருமான ராட்லர் அதில் அவருக்குத் துணைநின்றார். பறவையை நன்கு எழுத விரும்பிய ஒருவர் செடியையும் கற்க முற்பட்டது கருதத்தக்கது.

அவருக்குப் பின்வந்த காலத்தில் இவ்விரு அறிவும் இருவேறு துறைகளாகப் பிரிந்தன. ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப் படநூலில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட படத்தாள்கள் உள்ளன. அவற்றுக்காக உழைத்த ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள், காயை அறுத்து விதையின் கிடையையும் சூலறையின் எண்ணிக்கையையும் எழுதிக்காட்டும் நுட்பத்தில் எவர்க்கும் இளைத்தவரல்லர். அதே சென்னையில் 1843 முதல் 1847 வரை ஜெர்டன் வெளியிட்ட இந்தியப் பறவைப் படநூலின் ஐம்பது படங்களிலும் இந்திய ஓவியர்களின் கைவண்ணம் உண்டு. ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே காலம்; ஆயினும் கனியை அறிந்த கை பறவையை எழுதியதாகவோ, பறவையை எழுதிய கைக்குக் கனியின் நூல் கற்பிக்கப்பட்டதாகவோ தெரியவில்லை. கனியோ இரண்டு துறைக்கும் பொதுவானது: மரத்துக்கு அது சந்ததி, பறவைக்கு அது உணவு. துறைகள் பிரிந்த இடத்தில் அந்தப் பொதுச்சொத்து கேட்பாரற்றுப் போயிற்று.

தமிழரில் இப்பிரிவை ஏற்காத ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். அ. மாதவையாவின் புதல்வராகிய மா. கிருஷ்ணன் (1912–1996) எழுத்தும் சித்திரமும் ஒருங்கே கைவந்தவர்; ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் தம் மறைவு வரை எழுதிய பத்திக்குத் தாமே கோட்டோவியங்கள் வரைந்தவர். நாட்டு உயிர்களை நாட்டு மரஞ்செடிகளோடு சேர்த்தே காக்கவேண்டும் என்று ஓயாது வற்புறுத்திய அவருடைய பார்வையில், பறவையும் மரமும் ஒரே வழக்கின் இரு தரப்புச் சாட்சிகளாகவே நின்றன.

6. எழக்கூடிய ஆட்சேபங்கள்

இங்கே இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறவேண்டும்.

ஒன்று: அந்த மைனா தோட்டத்தில் வளர்க்கப்பட்டது, புழுவும் கூடும் பூச்சியும் ஒரே நேரத்தில் ஒரே கொம்பில் மைனாவின் முன் இருந்திருக்குமென்பது சந்தேகம், ஆகவே அது ஓவியர் கட்டிய காட்சியே, யதார்த்தம் அன்று என்பது. காட்சி கட்டப்பட்டதென்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் யதார்த்தச் சித்திரம் ஒரு கணத்தின் பிரதிபிம்பமாக இருந்தே தீரவேண்டும் என்ற நியதி, புகைப்படக்கருவி தோன்றியபின் நம் மனத்தில் படிந்தது. கருவி ஒரு கணத்தைப் பிடிக்கிறது. ஓவியரோ பல நாட்களில் பல பருவங்களில் கண்ட உண்மைகளை ஒரே தாளில் திரட்டுகிறார். பருவங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டிருப்பினும் உறவு மெய்யாயிருக்குமாயின் சித்திரம் மெய்யே.

மற்றொன்று: ஆடுபனின் படங்களில் பலவற்றுக்குச் செடிகொடிகளை எழுதியவர் ஜோசப் மேஸன் என்ற இளம் உதவியாளர்; வேறொரு கை பின்னர் எழுதிச் சேர்க்கத்தக்க கிளை, பறவையின் சித்திரத்துக்கு இன்றியமையாததாவது எங்ஙனம் என்பது. இவ்வாட்சேபம் ஒரு தொழில்முறையைக் காட்டுகிறதேயன்றிக் கிளையின் மதிப்பைக் குறைப்பதாகாது. மேஸன் தேர்ந்த தாவர ஓவியராயிருந்தமையாலேயே ஆடுபன் அவரை உடனழைத்துச் சென்றார். கிளை எத்தகையதாயினும் போதுமென்றிருந்தால், அதற்கென ஒரு கைதேர்ந்தவரைத் தேடியிருக்கவேண்டிய அவசியமில்லை.

7. வில்லியனூரும் பாகூரும் கேட்கும் சித்திரம்

இவ்வளவும் பழைய ஏடுகளின் விசாரணையாக நின்றுவிடலாகாது. சங்கராபரணியாற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரியை நிறைக்கிறது. தென்பெண்ணையின் நீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. 2008இல் ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் நம் பார்வை பெரும்பாலும் நீர்ப்பறவைகளின்மேல் சென்றுவிட்டது. கரைமேல் நிற்கும் ஆலும் அரசும், வேலிப்புதரில் படரும் கோவைக்கொடியும், கோயில் காடுகளில் எஞ்சிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களும் தாங்கி வளர்க்கும் கனியுண்ணிப் பறவைகள் அதற்குக் குறைந்த செல்வமல்ல. அக்காட்டு மரங்களிற் பல சதைப்பற்றுள்ள பழங்களைத் தருவன. பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் விடும் பறவையே அவற்றின் விதைப்பாளி. எனவே இம்மண்ணில் கனிக்கிளையில் பறவையை எழுதுவது காடு எவ்வாறு தன்னைத்தானே மறுபடி நட்டுக்கொள்கிறது என்பதை எழுதுவதாகும்.

ஆலமரத்தில் பழம் உண்ணும் செம்மார்புக் குக்குறுவானை எடுத்துக்கொள்வோம். ஆலம்பழம் காம்பின்றி இலைக்கணுவில் இரட்டையாக ஒட்டியிருக்கும். குக்குறுவானோ ஒரு சாண் நீளமும் இல்லாத பறவை. ஆகவே அதன் தலைக்கும் பழத்துக்கும் உள்ள அளவு விகிதம் சற்றுத் தவறினாலும் சித்திரம் பொய்த்துவிடும். அதன் செந்நிறக் கால்களில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாகக் கிளையைப் பற்றும். மைனாவின் காலிலோ மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னும். மேல்நாட்டுப் பயிற்சிநூல்களைப் பார்த்து எழுதப்படும் படங்களில், நீண்ட காம்பில் தொங்கும் செர்ரி போன்ற செம்பழங்கள் நம் பறவைகளின் அலகருகே தொங்குவதைக் காண்கிறோம். அங்கே பறவை எத்துணைச் சரியாயினும், அதை அயல்நாட்டு மரத்தில் குடியேற்றிய குற்றம் நேர்ந்துவிடுகிறது. இலந்தையை எழுதுவோர் இலையின் அடிப்புறத்து வெண்மையையும், கணுவில் ஒன்று நேராகவும் ஒன்று வளைந்தும் நிற்கும் இணைமுட்களையும், ஒரே கொம்பில் பச்சை, மஞ்சள், செம்பழுப்பு என மூன்று நிறத்தில் நிற்கும் பழங்களையும் நேரில் கண்டு எழுதுதல் வேண்டும்.

அழகல்லாத உண்மையையும் கிளை சொல்லவேண்டியிருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் பரவத் தொடங்கிய உன்னிச்செடியின் கரும்பழங்களை இன்று கொண்டைக்குருவிகள் விரும்பித் தின்று அதன் விதையையும் பரப்புகின்றன. சொன்னெரா தம் நூலை எழுதிய காலத்துக் கரைக்கும் இன்றைய கரைக்கும் உள்ள இவ்வேற்றுமையை, பறவையின் இறகில் காணமுடியாது. கிளையில் மட்டுமே காணலாம். இன்று உன்னிக்கொம்பில் கொண்டைக்குருவியை உள்ளபடி எழுதி, இடத்தையும் மாதத்தையும் ஓரத்தில் குறித்து வைப்பவர், நூறாண்டுக்குப் பின்வரும் ஆராய்ச்சியாளருக்கு ஓர் ஆவணத்தை விட்டுச்செல்கிறார்.

8. முடிபு

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன இவை. கிளையற்ற பறவைப்படம் இனத்தை அடையாளம் காண உதவும். ஆனால் வாழ்க்கையைச் சொல்லாது, இடத்தைப் பற்றிய பொய்யைத் தடுக்காது. கிளையை அழகுக்காக மட்டும் சேர்த்த படம், பறவையை மெய்யாகவும் நிலத்தைப் பொய்யாகவும் காட்டி, பாதி யதார்த்தத்தோடு நின்றுவிடும். பறவைக்கும் கனிக்கும் உள்ள உறவை அறிந்து எழுதிய படமே யதார்த்தம் என்ற பெயருக்கு முழுமையாக உரியது. ஆகவே இத்தகைய சித்திரத்தை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும்: இக்கால்கள் இக்கிளையை இவ்வாறு பற்றுமா? இக்கனி இம்மரத்தில் இவ்வாறு காய்க்குமா? இப்பறவை இக்கனியை நாடி இந்நிலத்தில் வருமா?

அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்தில் சித்திரம் பயில்வோருக்குப் பாகூர் ஏரிக்கரையும் வில்லியனூர்த் தோப்புகளும் தொலைவிலில்லை. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பும் அதே ஊரில் இருக்கிறது. தூரிகையும் தாவர அறிவும் சென்னையில் பிரிந்து நின்றது போல் இங்கேயும் பிரிந்து நிற்கவேண்டிய அவசியமில்லை. ஓராண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும், இவ்விரு கொம்யூன்களில் அந்தந்த மாதம் பழுக்கும் கனியையும் அதை நாடும் பறவையையும் ஒரே தாளில் எழுதிவைக்கும் ஒரு தொகுதி வெளிவருமானால், கவுதாரிக்கும் காட்டுக்கீச்சானுக்கும் தன் பெயரைத் தந்த ஊர், தன் மரங்களையும் பறவை சாஸ்திரத்தில் முறைப்படி பதிவுசெய்ததாகும்.